கூட யாரு வர்றா? ஆத்துல மிதந்த நம்ம ஆளுங்க கதை

இந்த வாரக் கதை ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டுல ஆரம்பிக்குது.

எங்க காலேஜ் குரூப்ல ஒருத்தன் ஒரு போஸ்டர் அனுப்பினான். ஆத்துல டியூப் ரைடு. ஒரு நாள் ட்ரிப். காலையில பிக்கப், லைஃப் ஜாக்கெட், மத்தியான சாப்பாடு, டிரோன் வீடியோ, எல்லாம் சேர்த்து ஒரே ரேட். எட்டு பேர் சேர்ந்தா தள்ளுபடி. நாங்க எண்ணிப் பார்த்தா சரியா எட்டு பேர். வேற என்ன வேணும்?

அந்த வாரக் கடைசியில நான் கனகசெட்டிக்குளத்துல இருந்தேன், பெரியப்பா வீட்டுல. ஊர் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். சென்னையில இருந்து ஈசிஆர்ல வந்தீங்கன்னா, மரக்காணம் உப்பளத்தை எல்லாம் தாண்டினப்புறம் புதுச்சேரி எல்லைக்குள்ள முதல்ல வர்ற ஊர் இதுதான். புதுச்சேரியோட வடக்கு நுனி. பேர்லயே குளம் இருக்கு, எதிர்ல கடல் இருக்கு, ஆறு மட்டும் கிடையாது. அதனாலயோ என்னமோ, ஆறுன்னாலே எங்களுக்கு ஒரு ஏக்கம்.

பெரியப்பா சின்ன வயசுல கட்டுமரத்துல போனவரு, அப்புறம் ஃபைபர் படகு. அவர்கிட்ட போஸ்டரைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பொறுமையாப் பார்த்தாரு. டிரோன் பத்திக் கேக்கல, சாப்பாடு பத்திக் கேக்கல, ரேட்டைக்கூடக் கேக்கல. ஒண்ணே ஒண்ணு கேட்டாரு:

"கூட யாரு வர்றா?"

"ஃப்ரெண்ட்ஸ்தான் பெரியப்பா, எட்டு பேர்."

"அது இல்ல தம்பி. தண்ணி தெரிஞ்சவன் யாரு வர்றான்?"

எனக்குப் பதில் தெரியல. போஸ்டர்லயும் இல்ல. இன்னிக்கு எபிசோட் அந்த ஒரு கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுதான் போகப்போகுது. ஏன்னா, தேடிப் பார்த்தா, ஆத்துல மிதக்கறது நமக்குப் புதுசே இல்ல. ரெண்டாயிரம் வருஷமா மிதந்துக்கிட்டு இருக்கோம். அந்த ரெண்டாயிரம் வருஷமும் இந்தக் கேள்வி நம்ம கூடவே மிதந்து வந்திருக்கு.

டியூபுக்கு முன்னாடி புணை

முதல்ல ஒரு வார்த்தை: புணை. சங்கப் பாட்டுல திரும்பத் திரும்ப வர்ற வார்த்தை. மிதக்கற எதையாவது ஒண்ணாச் சேர்த்துக் கட்டி, அதைப் பிடிச்சுக்கிட்டு ஆத்துல போறது. படகு இல்ல, கவனிங்க. படகுல உக்காந்து போகலாம். புணையைப் பெரும்பாலும் கட்டிப் பிடிச்சுக்கிட்டுதான் போகணும். பாதி உடம்பு தண்ணியில இருக்கும். இன்னிக்கு டியூப் ரைடுன்னு சொல்றதுக்கு ரொம்பக் கிட்டத்துல இருக்கற பழைய தமிழ் வார்த்தை இதுதான்னு நான் சொல்வேன்.

அகநானூறு ஆறாவது பாட்டை எடுத்துக்கோங்க. இடம் உறையூர் பக்கம், காவிரி. ஓடக்கோல் ஊனினா தரை தட்டாத ஆழம், அவ்வளவு வெள்ளம். அதுல ஒருத்தன் வேழத் தண்டுல கட்டின வெள்ளைப் புணையைத் தழுவிக்கிட்டு, தனக்குப் பிடிச்ச வேற ஒருத்தியோட நேத்து விளையாடியிருக்கான். இன்னிக்கு வீட்டுக்கு வந்து தலைவிகிட்ட இனிக்க இனிக்கப் பேசறான். அவ விடுவாளா? "நேத்து யாரோட புணையில போனே, இன்னிக்கு இங்க வந்து என்ன பேச்சு?"ன்னு வாங்கு வாங்குன்னு வாங்கறா. அதுதான் பாட்டோட சாரம். இன்னிக்கு இன்ஸ்டா ஸ்டோரியில மாட்டறாங்க, அன்னிக்கு ஊர் வாயில மாட்டியிருக்காங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொண்ணு, குறுந்தொகை 222. ரெண்டு தோழிங்க ஆத்துல புணை பிடிச்சு விளையாடறாங்க. ஒருத்தி புணையோட முன்பக்கத்தைப் பிடிச்சா இவளும் முன்பக்கத்தைப் பிடிக்கறா. அவ பின்பக்கம் போனா இவளும் பின்பக்கம். அவ புணையைக் கைவிட்டு வெள்ளத்தோட போனா, இவளும் கைவிட்டுப் போயிடுவா போல இருக்குன்னு பார்த்துக்கிட்டு இருக்கற தலைவன் நினைக்கறான். நட்பைச் சொல்ற அழகான பாட்டு. ஆனா பெரியப்பா காதுல கேட்டுப் பாருங்க. ஒருத்தி கைவிட்டா ரெண்டு பேரும் போயிடுவாங்கன்னு சொல்ற பாட்டு அது. எட்டு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து போற ட்ரிப்ல நடக்கறதும் இதேதான். முதல் ஆள் குதிச்சா மத்த ஏழு பேரும் குதிப்பாங்க.

மூணாவது, நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு. எல்லா ஊரும் நம்ம ஊர்னு சொல்ற, கணியன் பூங்குன்றனாரோட புறநானூறு 192. அதோட முதல் வரியை டி-ஷர்ட்ல போட்டுக்கறோம். ஆனா பாட்டோட நடுவுல என்ன இருக்குன்னு பார்த்திருக்கீங்களா? குளிர்ந்த மழை கொட்டுது, பெரிய ஆறு பாறையில மோதி இரைச்சலோட ஓடுது, அதுல ஒரு புணை தண்ணி போற வழியில போகுது. நம்ம உயிரும் அப்படித்தான் முறைப்படி போகும்னு சொல்றாரு. பாறை, இரைச்சல், வெள்ளம், புணை. இன்னிக்கு இங்கிலீஷ்ல ஒயிட் வாட்டர்னு சொல்றோமே, அதேதான்.

அதுல எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. இதைத் தானே கண்டுபிடிச்சதா அவர் சொல்லல. தெளிவாப் பார்க்கத் தெரிஞ்சவங்க காட்டினதால இது எங்களுக்குப் புரிஞ்சுதுன்னு சொல்றாரு. புணை தன் இஷ்டத்துக்குப் போகாது, தண்ணி இஷ்டத்துக்குத்தான் போகும். அதைப் புரிஞ்சுக்கக்கூட, பார்த்தவங்க ஒருத்தர் சொல்லணும்.

காவிரி கொண்டுபோன ஆட்டக்காரன்

சரி, இப்படி ஜாலியா மிதந்தவங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலையா? ஆச்சு. தமிழ் இலக்கியத்துல பதிவான பெரிய ஆத்து விபத்து ஆட்டனத்தியோடது.

ஆட்டனத்தி ஒரு ஆட்டக்காரன். அகலமான தோள், அழகன். கழார்னு காவிரியில ஒரு பெருந்துறை. அங்க புதுவெள்ளம் வரும்போது விழா நடக்கும். கரிகால் சோழன் தன்னோட சுற்றத்தோட கரையில இருந்து பார்க்க, அவன் தண்ணியில ஆடறான். அரசனே நேர்ல பார்க்கற ஷோன்னு வெச்சுக்கோங்க. அவ்வளவு கூட்டத்துக்கு நடுவுல, அத்தனை பேர் கண் முன்னாடி, காவிரி அவனை இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. அவன் அழகுல ஆசைப்பட்டுக் காவிரியே கவர்ந்துக்கிட்டுப் போயிட்டான்னு புலவர்கள் பாடறாங்க.

அவன் மனைவி ஆதிமந்தி. கரிகாலன் மகள்னு சிலப்பதிகாரம் சொல்லுது. அவ கரையோரமா ஓடறா. ஊர் ஊரா நின்னு கேக்கறா, என் ஆளைப் பார்த்தீங்களா, இப்படி இருப்பான், பார்த்தீங்களான்னு. அகநானூறு 222ல பரணர் சொல்ற கதைப்படி, மருதின்னு ஒரு பொண்ணு அவனை ஆதிமந்திக்குக் காட்டிக் கொடுத்துட்டு, தானே கடலுக்குள்ள போயிடறா. சிலப்பதிகாரத்துல கடலே அவனைக் கொண்டுவந்து காட்டுது. இதுல எது நடந்துது, எவ்வளவு நடந்துதுன்னு வாதம் பண்ண இந்த எபிசோட் போதாது. ஆனா ஒரு விஷயம் கவனிங்க. அகநானூறுல ஒரு பாட்டுல இல்ல, பல பாட்டுல இந்தக் கதை உவமையா வருது. அந்தக் காலத்து ஆளுங்களுக்கு மனசுல ஆறாத நிகழ்ச்சி இது.

நம்ம கேள்வியை இங்க வெச்சுப் பாருங்க. ஆட்டனத்திக்கு உடம்பு இருந்துது, திறமை இருந்துது, கூட்டம் இருந்துது, பார்க்க அரசனே இருந்தான். அத்தனையும் கரையில நின்னுது. அந்த நிமிஷம் தண்ணிக்குள்ள அவன் பக்கத்துல கை கொடுக்க ஒருத்தர் இருந்ததா எந்தப் பாட்டும் சொல்லல. மருதி வந்தா, ஆனா எல்லாம் முடிஞ்சப்புறம் வந்தா, அவளும் போயிட்டா. காப்பாத்தப் போனவங்களும் சேர்ந்து போற செய்தியை இன்னிக்கும் நாம பேப்பர்ல மாசத்துக்கு ஒரு தடவையாவது படிக்கறோம்.

காத்தடைச்ச தோல், மூங்கில் கூடை

மிதவைங்கற விஷயம் நம்ம ஊர்ல மட்டும் இல்ல. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல அசீரிய அரசன் இரண்டாம் அசுர்நசிர்பால் அரண்மனைச் சுவர்ல இருந்து எடுத்துட்டுப் போன சிற்பங்கள் இருக்கு. கிமு 9ம் நூற்றாண்டு. அதுல ஆளுங்க ஆட்டுத்தோலை ஊதிக் காத்தடைச்சு, வயித்துக்கு அடியில வெச்சுக்கிட்டு ஆத்தைக் கடக்கறாங்க. சுமார் 2900 வருஷத்துக்கு முன்னாடியே ஏர் டியூப்!

நம்ம பக்கம் சுரைக்குடுக்கை, கவுத்த பானை, வாழைத்தண்டு, எது மிதக்குமோ அது. மெட்ராஸ் மாகாணத்துல மீன்வளத்துறை இயக்குநரா இருந்த ஜேம்ஸ் ஹார்னெல்னு ஒருத்தர், தென்னிந்தியாவோட பரிசல், கட்டுமரம், படகு எல்லாத்தையும் தேடித் தேடி எழுதினாரு. 1946ல அவர் எழுதின நீர்ப் போக்குவரத்து வரலாறு கப்பல்ல ஆரம்பிக்காது. இந்த மாதிரி மிதவைங்கள்லதான் ஆரம்பிக்கும்.

இதுல பெரிய தாவல் பரிசல். மூங்கிலைப் பிளந்து வட்டக் கூடையாப் பின்னி, வெளியில தோல் போர்த்துவாங்க. இப்போ தோலுக்குப் பதிலா பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். 1520 வாக்குல விஜயநகரத்துக்கு வந்த டொமிங்கோ பயஸ்ங்கற போர்ச்சுக்கீசியர், துங்கபத்திரையை ஜனங்க எப்படிக் கடந்தாங்கன்னு எழுதி வெச்சிருக்காரு. கூடை மாதிரி வட்டமான படகு, உள்ள பிரம்பு, வெளியில தோல், 15, 20 பேர் ஏறலாம், துடுப்பு போட்டா சுத்திக்கிட்டே போகும், நேராப் போகாதுன்னு. ஒகேனக்கல்ல பரிசல் ஏறினவங்களுக்கு இது அப்படியே நேத்து எழுதின மாதிரி இருக்கும். 500 வருஷமாச்சு, சுத்தறது நிக்கல.

புணைக்கும் பரிசலுக்கும் நடுவுல என்ன மாறிச்சுன்னு யோசிச்சேன். பொருள் மட்டும் மாறல. பரிசல்ல ஒரு ஆள் கூட வர்றாரு. பரிசல் ஓட்டி. நீங்க ஏறும்போது நீ இந்தப் பக்கம் உக்காரு, நீ அந்தப் பக்கம் உக்காருன்னு எடையைப் பிரிச்சு வைக்கறவரு. எந்தப் பாறைக்குப் பின்னாடி சுழல் இருக்கு, எந்த மாசத்துல எந்த வழி மூடும்னு தெரிஞ்சவரு. நீங்க காசு கொடுக்கறது கூடைக்கு இல்ல, அந்த ஆளோட நினைவுக்கு.

அந்த நினைவுகூடப் போதாதுங்கறதால மேல ஒரு ஏற்பாடும் இருக்கு. காவிரி தமிழ்நாட்டுக்குள்ள நுழையற இடத்துல, பிலிகுண்டுலுல, மத்திய நீர் ஆணையம் தண்ணி வரத்தை அளக்குது. வரத்து ஏறினா ஒகேனக்கல்ல பரிசல் ஓட்ட மாவட்ட நிர்வாகம் தடை போட்டுடும். டிவியில, "பரிசல் இயக்கத் தடை, சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றம்"னு ஒரு நியூஸ் ஓடுமே, அதுதான். அந்த ஏமாற்றம் இருக்கே, அதுக்குள்ள பல உயிர் இருக்கு.

ஒரு படகுக்கு ரெண்டு கட்டுமரம்

கூட வர்ற ஆளுங்கற விஷயத்துக்கு எனக்குக் கிடைச்ச ஆகச் சிறந்த உதாரணம் ஆத்துல இல்ல, எங்க கடல்லயே இருந்துது. அதனால ஒரு நிமிஷம் கடலுக்குப் போயிட்டு வரலாம்.

இன்னிக்கு மெட்ராஸ் துறைமுகம் பெருசா இருக்கு. ஆனா ஆரம்பத்துல மெட்ராஸ்லயும் சரி, பிரெஞ்சுக்காரங்க இருந்த புதுச்சேரியிலயும் சரி, கப்பல் வந்து ஒட்டிக்க இடமே கிடையாது. கப்பல் தூரத்துல நடுக்கடல்ல நங்கூரம் போடும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவுல பெரிய அலை. கவர்னரா இருந்தாலும் சரி, கவர்னர் மனைவியா இருந்தாலும் சரி, அந்த அலையைத் தாண்டிக் கரைக்கு வர மசூலா படகுதான். பலகைகளை ஆணி அடிக்காம தென்னங்கயிறால தைச்ச படகு. அலை அடிச்சா உடையாது, வளைஞ்சு கொடுக்கும். ஓட்டறது நம்ம கடற்கரை ஆளுங்க.

அப்பவும் படகு கவுந்துடும். அதனால மெட்ராஸ்ல ஒரு வழக்கம் இருந்துது. வெள்ளைக்காரப் பயணிங்க ஏறின மசூலா படகு கூடவே கட்டுமரங்களும் போகும். படகு கவுந்தா, தண்ணியில விழுந்தவங்களைத் தூக்கறதுதான் கட்டுமரக்காரங்க வேலை. இன்னிக்கு நல்ல ராஃப்டிங் கம்பெனிங்க குரூப்புக்கு முன்னாடியோ பின்னாடியோ ஒரு சேஃப்டி கயாக் அனுப்புவாங்க இல்லையா, அந்த யோசனையை நம்ம கட்டுமரக்காரங்க கம்பெனி காலத்துலயே தொழிலாப் பண்ணியிருக்காங்க.

கட்டுமரம்ங்கற வார்த்தையே உலகத்துக்கு நாம கொடுத்தது. வில்லியம் டாம்பியர்ங்கற கடலோடி 1697ல வெளியான தன்னோட பயணப் புத்தகத்துல சோழமண்டலக் கரையில பார்த்த இந்த மரங்களைப் பத்தி எழுதினாரு. இன்னிக்கு கேட்டமரான்னு சொகுசுப் படகு விக்கறாங்க. பேர் போச்சு, கூட வந்த ஆளு போகல. அவரோட பேரன், கொள்ளுப்பேரன் யாராவது இன்னிக்கும் கனகசெட்டிக்குளத்துல வலை பிரிச்சுக்கிட்டு இருக்கலாம். பெரியப்பா அந்தக் கேள்வியைக் கேட்டது சும்மா இல்லன்னு இதைப் படிச்சப்புறம்தான் எனக்கு உறைச்சுது.

ரப்பர் வந்தது, ஆளு போனான்

இப்போ டியூபுக்கு வருவோம். காத்தடைச்ச ரப்பர் சக்கரத்துக்கு 1845லயே ராபர்ட் தாம்சன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் காப்புரிமை வாங்கினாரு. அப்போ யாரும் கண்டுக்கல. 1888ல ஜான் டன்லப் தன் பையனோட மூணு சக்கர சைக்கிளுக்காக மறுபடியும் அதைச் செஞ்சாரு, அது பிடிச்சுக்கிச்சு. சைக்கிள், காரு, லாரின்னு டயர் போன இடமெல்லாம் உள்ள இருந்த டியூபும் போச்சு. நம்ம பக்கம் 1946ல திருவொற்றியூர்ல ஒரு கொட்டகையில பொம்மை பலூன் பண்ண ஆரம்பிச்ச எம்ஆர்எஃப், 1960களோட தொடக்கத்துல டயருக்கு வந்துது.

பழைய லாரி டியூப் என்ன ஆகும்? பஞ்சர் ஒட்டிக் கிணத்துக்கு வரும். நம்ம அப்பா, சித்தப்பா தலைமுறையைக் கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் நீச்சல் கத்துக்கிட்டது லாரி டியூப்லதான். ஆனா அங்கயும் மேட்டுல ஒருத்தர் நிப்பாரு. மாமாவோ, அண்ணனோ, பம்புசெட்டுக்காரரோ. டியூப் இருக்கேன்னு குழந்தையைத் தனியா விடமாட்டாங்க. 2015 டிசம்பர்ல சென்னை வெள்ளத்துல மூழ்கினப்பவும் இதே லாரி டியூப் மேல பலகை கட்டி ஜனங்களை இழுத்துட்டு வந்தாங்க. கடலோரக் குப்பங்கள்ல இருந்து மீனவங்க படகோட தெருவுக்குள்ள வந்தாங்க. டியூப் மிதந்துது, அதை ஒருத்தர் இழுத்தாரு. ரெண்டும் சேர்ந்துதான் உயிர் பிழைச்சுது.

டியூப் ரைடை ஒரு டூரிஸ்ட் தொழிலா மாத்தினதுல அமெரிக்காவுக்குப் பெரிய பங்கு. விஸ்கான்சின் மாநிலத்துல ஆப்பிள் ஆறு மாதிரி இடங்கள்ல 20ம் நூற்றாண்டோட நடுவுலயே வாடகை டியூப் வந்துடுச்சு. ஆனா இந்தத் தொழில் எப்படித் தப்பாப் போகும்னு பார்க்கணும்னா லாவோஸ் நாட்டுல வாங் வியெங் ஊருக்குப் போகணும். 1999 வாக்குல, அங்க ஒரு பண்ணைக்காரர் தன்கிட்ட வேலைக்கு வந்த வெளிநாட்டு இளைஞர்கள் சாயங்காலம் ஆத்துல மிதக்கட்டும்னு சில டியூப் வாங்கிப் போட்டாரு. நல்ல எண்ணம்தான். சில வருஷத்துல ஆத்தங்கரை முழுக்க பார், ஊஞ்சல், சறுக்கு. டியூப் எடுத்துக்கோ, குடி, மித, அடுத்த பார்ல ஏறு. கூட வர்ற ஆள்? யாரும் இல்ல. 2011ல மட்டும் 27 பேர் இறந்தாங்கன்னு அந்த ஊர் ஆஸ்பத்திரி கணக்கா செய்தி வந்துது. 2012ல அரசாங்கம் இறங்கி பார்களை மூடிச்சு.

இறந்தவங்க பெரும்பாலும் நம்ம வயசு. டியூப் ஒண்ணும் தப்பு பண்ணல, அது மிதந்துதான் இருக்கும். கூட ஒருத்தர் இல்லாமப் போச்சு.

தண்ணி தெரிஞ்சவன்னா என்ன தெரிஞ்சிருக்கணும்?

சரி, இது வெறும் அனுபவம்னு சொல்லித் தள்ளிடக் கூடாது. தண்ணி தெரியறதுன்னா குறிப்பா சில விஷயம் தெரியணும். அதுவும் நம்ம ஆறுகளுக்குன்னு சில விஷயம் இருக்கு.

ஒண்ணு, மேல என்ன நடக்குதுங்கறது. நம்ம ஆறுகள்ல தண்ணி வானத்துல இருந்து மட்டும் வராது, அணையில இருந்தும் வரும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துது. இங்க மழை விட்டப்புறம்தான் அடுத்த அடி. மேல திருவண்ணாமலை மாவட்டத்துல சாத்தனூர் அணையில இருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல தண்ணி தென்பெண்ணையில வந்துது. கீழ கடலூரும், நம்ம பாகூர் பக்கமும் மூழ்கிச்சு. இங்க வெயில் அடிக்குதேன்னு ஆத்துல இறங்கறவனுக்கு நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஷட்டர் தூக்கறது எப்படித் தெரியும்? கைடுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

ரெண்டு, தடுப்பணை. பார்க்க ரெண்டு அடி உயரம், அருவி மாதிரி அழகா விழும், ரீல்ஸ் எடுக்கத் தோணும். ஆனா தண்ணி விழுற இடத்துல அடியில போய் மேல வந்து திரும்பவும் அணைப் பக்கமே உருளும். வாஷிங் மெஷின் மாதிரி. அதுல மாட்டினா டியூபும் ஆளும் வெளியில வரவே முடியாம அங்கயே சுத்துவாங்க. நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களே போற இடம் இது.

மூணு, மணல் அள்ளின குழி. இடுப்பளவு தண்ணியில நடந்துக்கிட்டே இருப்பீங்க, அடுத்த அடியில தரை இருக்காது. போன வருஷம் தெரிஞ்ச ஆறு இந்த வருஷம் வேற ஆறு.

நாலு, கால் ஊனறது. வேகமா ஓடற தண்ணியில டியூப்ல இருந்து விழுந்தா, உடனே எழுந்து நிக்கத்தான் மனசு சொல்லும். நிக்கக் கூடாது. கால் பாறை இடுக்குல மாட்டினா, தண்ணி உங்களை முன்னாடி தள்ளி முகத்தை அமுக்கிடும். மல்லாந்து, காலைத் தண்ணி போற திசையில முன்னாடி நீட்டி, கால் விரல் தண்ணிக்கு மேல தெரியற மாதிரி மிதக்கணும். வேகம் குறையற இடத்துல கரைப் பக்கம் ஒதுங்கணும். சாஞ்சு கிடக்கற மரம், முள்ளுப் புதர் கண்ணுல பட்டா அதைப் பிடிச்சுக்கலாம்னு போகக் கூடாது. தண்ணி கிளைக்கு நடுவுல புகுந்து போயிடும், நீங்க போகமாட்டீங்க.

இந்த நாலையும் ஆத்துல இறங்கறதுக்கு முன்னாடி கரையில நிக்க வெச்சுச் சொல்றவர்தான் கைடு. போஸ்டர்ல லைஃப் ஜாக்கெட் படம் இருக்கறது மட்டும் கைடு ஆகாது.

பரளிக்காட்டு வழி

இது நம்ம ஊர்ல நடக்காத காரியமா? நடக்குது. கோயம்புத்தூர் மாவட்டத்துல காரமடைக்கு மேல பரளிக்காடுன்னு ஒரு இடம். பவானி ஆத்துல கட்டின பில்லூர் அணையோட தண்ணி தேங்கி நிக்கற பகுதி. அங்க தமிழ்நாடு வனத்துறையும் அந்தக் காட்டுல வாழற பழங்குடி மக்களும் சேர்ந்து, வாரக் கடைசியில ஒரு நாள் ட்ரிப் நடத்தறாங்க. முன்கூட்டியே பதிவு பண்ணிட்டுப் போகணும். லைஃப் ஜாக்கெட் போட்டு பரிசல்ல ஏத்துவாங்க. துடுப்பு போடறது அந்த ஊர் ஆளுங்க. சாப்பாடும் அந்த ஊர்ச் சமையல்தான்.

இதுல டிரோன் இல்ல, சறுக்கு இல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்தத் தண்ணிப் பக்கமே பொறந்து வளர்ந்த ஆள் உங்க கூட வர்றாரு. அவருக்குத் தெரிஞ்சதுக்குக் கூலி கிடைக்குது. நீங்க பத்திரமாத் திரும்பி வர்றது அவரோட பிழைப்பும்கூட. கட்டுமரக்காரர், பரிசல் ஓட்டி, இன்னிக்கு இவங்க. ஒரே கயிறு மாதிரி ஓடுது.

டூரிசத்துல நாம சாமானுக்குக் காசு கொடுக்கறோம்னு நினைக்கறோம். வண்டி, டியூப், சாப்பாடு. ஆளோட அறிவை இலவச இணைப்புன்னு நினைக்கறோம். அதனாலதான் ரேட் குறைக்கணும்னா முதல்ல குறையறது ஆளு. பத்து டியூபுக்கு ஒரு கைடு, அப்புறம் இருபதுக்கு ஒண்ணு, அப்புறம் ஆள் இருக்கற மாதிரி ஒரு போட்டோ.

அந்த எட்டு பேர் என்ன ஆனோம்?

அன்னிக்கு சாயங்காலம் அந்த போஸ்டர் நம்பருக்குப் போன் பண்ணேன். கூட எத்தனை பேர் வருவாங்க, அந்த ஆறு எத்தனை வருஷமாப் பழக்கம், தண்ணி ஏறினா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம் ப்ரோ, நீங்க அட்வான்ஸ் போடுங்க"ன்னு பதில் வந்துது. திட்டறதுக்கு ஒண்ணும் இல்ல, மரியாதையாத்தான் பேசினாங்க. ஆனா மூணு கேள்விக்கு ஒரு பதில்கூட வரல. அட்வான்ஸ் போடல.

குரூப்ல ஒரே சண்டை. பயந்தாங்கொள்ளி, பூமர், எல்லாப் பட்டமும் வாங்கினேன். வேற ரெண்டு இடத்துல விசாரிச்சோம். ரெண்டாவதா பேசினவரு, நான் கேள்வியை முடிக்கறதுக்குள்ளயே அவரா சொன்னாரு: "சார், அணையில தண்ணி திறந்தா அன்னிக்குப் போகமாட்டோம். நீங்க பஸ் ஏறி வந்துட்டாலும் போகமாட்டோம். காசைத் திருப்பித் தந்துடுவோம். அதுக்கு ஒத்துக்கிட்டா வாங்க."

வாங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி, போகமாட்டோம்னு சொல்லத் தெரிஞ்ச ஆளு. நாங்க புக் பண்ணிட்டோம். போகும்போது தண்ணி ஏறியிருந்தா, கரையில உக்காந்து சாப்பிட்டுட்டுத் திரும்பி வருவோம்.

பெரியப்பாகிட்டச் சொன்னேன். வலையில இருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டாரு.

"அப்ப சரி. நீச்சல் எத்தனை பேருக்குத் தெரியும்?"

எட்டுல மூணு பேருக்குத்தான் தெரியும். அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில மத்த அஞ்சு பேரையும் கூட்டிக்கிட்டு ஒரு நீச்சல் குளத்துக்குப் போறோம். பெரியப்பாவும் வர்றேன்னு சொல்லியிருக்காரு. தண்ணியில இறங்கமாட்டாராம். மேட்டுல நிப்பாராம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். அதுவரைக்கும், நீங்க ஏதாவது ஆத்துக்குப் போறதா பிளான் இருந்தா, உங்க குரூப்ல இந்த ஒரு கேள்வியை மட்டும் போட்டுப் பாருங்க: கூட யாரு வர்றா?